தொடாத கட்டைகள்

1946. அரியலூரில் ஒரு பள்ளிக்கூடம். ஓட்டு இடுக்கில் இறங்கும் காலை வெயில் மேசைமேல் உள்ள மரப்பலகையில் விழுகிறது. அதன் குழிகளில் பொருத்த வேண்டிய பத்துக் கட்டைகளும் பக்கத்தில் அப்படியே கிடக்கின்றன. எட்டு வயதுக் கொளஞ்சி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். மனோதத்துவம் படித்தவரும் திருச்சி மகளிர் கல்லூரி ஒன்றின் முதல்வருமான ஞானசௌந்தரியின் உள்ளங்கையில், புத்திச் சோதனையின் நேரத்தை அளக்கும் கடிகாரம் ஓடுகிறது. "மந்தபுத்தின்னு எழுதிடுங்கம்மா, உங்க திருச்சி ரயில் வந்துடும்" என்கிறார் தலைமை ஆசிரியர் அருளானந்தம். எழுதிவிட்டால் கொளஞ்சிக்கு இன்றோடு படிப்பு முடிந்தது. ஞானசௌந்தரி சிறுமியின் கண்களையே பார்க்கிறார். அவை வட்டக் கட்டையிலிருந்து வட்டக் குழிக்கும், நட்சத்திரத்திலிருந்து நட்சத்திரக் குழிக்கும் தவறாமல் போய்வருகின்றன.

"ஏம்மா எடுத்து வைக்கல?"

வாசலுக்கு வெளியே நிற்கும் தாய் ஆண்டாயி பதறுகிறாள். "நான்தாங்கம்மா சொல்லிவுட்டேன். அங்க எதையும் தொட்டுறாத புள்ள, அடிப்பாங்கன்னு."

தூரத்தில் ரயில் ஊதுகிறது. "போனாப் போகட்டும் சார்" என்றபடி ஞானசௌந்தரி தரையில் உட்கார்கிறார். கொளஞ்சியை எதிரே உட்காரவைத்து, பலகையை அவள் மடியில் வைக்கிறார். கடிகார முள்ளைப் பழைய இடத்துக்குத் திருப்புகிறார். கொளஞ்சி தாயைப் பார்க்கிறாள்.

"தொடு புள்ள" என்கிறாள் ஆண்டாயி.

கொளஞ்சி இரண்டு கைகளையும் பாவாடையில் அழுத்தித் துடைக்கிறாள். துடைத்து முடிக்கும்வரை ஞானசௌந்தரி கடிகாரத்தை ஓடவிடாமல் காத்திருக்கிறார்.