தகரக் கொழுந்து

விடியக்காலையில் வேலாயியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் வீரய்யா. அவள் மடியில் கிடந்த தகரக் கொழுந்து அத்தனையிலும் அவருடைய ரொட்டிக்கடைப் பெயர்.

இரண்டு மாசத்துக்கு முந்தி டிக்கோயாவுக்குப் பக்கத்திலிருந்த அந்தக் கடைத்தெரு செத்துக் கிடந்தது. பஸ்ஸெல்லாம் புதுப் பாதையில் போய்விட்டன. கடையை மூடிவிட்டுக் கொழும்பில் எவன் கடையிலாவது மாவு பிசையலாமென்று வீரய்யா பெட்டியே கட்டிவிட்டார்.

அப்போதுதான் சித்திர டீச்சர் சிவதர்சினி தெருமுனைச் சுவரில் ஒரு பெரிய தேயிலைச் செடியை வரைந்து நிறுத்தினார். செடி முழுக்கக் கொக்கி. கொக்கிக்கொரு தகரக் கொழுந்து, கொழுந்துக்கொரு கடைப் பெயர். யாரும் பறிக்கலாம். அந்தக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் சின்னதாய் ஏதாவது இனாம். இனாம் வாங்க வந்தவன் வெறுங்கையோடு போவானா? சாயங்காலம் கடைக்காரர்களே அவரவர் கொழுந்தைத் திரும்ப மாட்டிவிட வேண்டும்.

முதல் வாரம் எதிர்க்கடை வேலாயிக்கு மூச்சுவிட நேரமில்லை. வீரய்யா ஈ ஓட்டினார்.

அப்புறம் பாருங்கள், வேன் வேனாகச் சனம்! ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்களும் குடும்பத்தோடு இறங்கிவிடுவார்கள். தேங்காய் ரொட்டி சுடச்சுடப் பறந்தது. பெட்டியை அவிழ்த்துப் போட்டார் வீரய்யா. எல்லாம் தன் கைப்பக்குவம் என்று மார்தட்டினார். வேலாயி கடையில் கூட்டம் குறைந்ததற்கு அவள் வடை கல்லு மாதிரி இருப்பதுதான் காரணமென்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார்.

இப்போது கொழுந்தும் கையுமாக அவளே நிற்கிறாள். விடுவாரா? தெருவையே கூட்டிவிட்டார். டீச்சரும் ஓடிவந்தார்.

"என் பொழப்புலயா கை வைக்கிற, வேலாயி?"

வேலாயி பதறவில்லை. ஒரு கொழுந்தை எடுத்து மார்பு உயரத்துக் கொக்கியில் மாட்டினாள். அடுத்ததையும் மாட்டினாள்.

"இருவது வருசம் மலையில கொழுந்தெடுத்தவ நான், அண்ணே. இடுப்பு மட்டத்துக்குக் கீழ யாருக்கும் கை போகாது. டீச்சருக்கு அது தெரியல, எந்தக் கடைக்கு எந்த வரிசைன்னு சீட்டுக் குலுக்கினாங்க. ஒங்களுக்கு அடி வரிசை விழுந்துச்சு. தெனம் விடியுமுன்ன வந்து ஒங்களுத மேல மாட்டிட்டு, பொழுது சாய முந்திப் பழையபடி ஆக்கிடுவேன். நீங்களும் மூடிட்டுப் போயிட்டா, எதிர்ல வெளக்கில்லாம நான் எப்பிடிங்க கடையில ஒக்காருவேன்?"

வீரய்யா குனிந்து பார்த்தார்.

அடி வரிசையில், தொட ஆளில்லாமல் தொங்கியதெல்லாம் வேலாயி கடைக் கொழுந்து.