காவல் மாற்றம்

பெட்டி மேவிஸ் நினைத்ததைவிட மிகச் சின்னதாக இருந்தது.

அகழாய்வுக்குழுத் தலைவி இமோஜன் அதை இரண்டு கைகளிலும் ஏந்தி, தூறலில் நனைந்தபடி கல்லறைத் தோட்டத்துக்குள் வந்தாள். பிறந்தநாள் கேக்கைத் தூக்கிவருகிற மாதிரி நடந்தாள்.

ஆறடி ஆள் வருவான் என்றல்லவா மேவிஸ் காத்திருந்தாள்!

குன்றின் மேல், கிழவர் வில்ஃபின் பார்லி வயலுக்கு நடுவே ஒரு பழைய மண்மேடு. போன கோடையில் அதைத் தோண்டியபோது, ஆயிரத்துச் சொச்சம் வருடங்களாகக் கையில் ஈட்டியோடு படுத்திருந்த ஒருவனின் எலும்புகள் கிடைத்தன. ஊரே வாயைப் பிளந்தது.

எலும்புகளை என்ன செய்வது என்று பேச்சு வந்ததும், ஊர்க் கூட்டத்தில் ஒரு நாளும் வாய் திறக்காத மேவிஸ் எழுந்து நின்றாள். சர்ச் மண்ணில்தான் புதைக்க வேண்டும் என்றாள். வீடு வீடாக ஏறி இறங்கி ஆதரவு கேட்டாள். பாதிரியாரை நச்சரித்தே, மூடிக்கிடந்த சர்ச் தோட்டத்தில் ஒரே ஒரு குழிக்கு அனுமதி வாங்க வைத்தாள்.

எல்லோரும் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். வில்ஃபுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"ஏம்மா மேவிஸ், காவலுக்கு ஆள் புடிச்சிட்ட போல. ஈட்டியும் கையுமா!"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் சிரிக்கவில்லை.

கடைசியாகப் புதைக்கப்பட்டவர்தான் கல்லறைத் தோட்டத்துக்குக் காவல் என்பது அந்த ஊரில் வழிவழியாக வரும் பேச்சு. அடுத்த ஆள் வந்து, அவர் மேல் மண் விழும்வரை வாசலைவிட்டு நகர முடியாது. ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தால், பெட்டி சுமப்பவர்கள் முந்திக்கொண்டு உள்ளே ஓடுவார்களாம். பாதிரியார்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஊர்க்காரர்கள் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, வாசலைத் தாண்டும்போது வேகமாக நடப்பார்கள்.

இங்கே கடைசியாகப் புதைக்கப்பட்டவன் கொலின். மேவிஸின் மகன். மூளைக்காய்ச்சல். ஒன்பது வயது.

அடுத்த மாதமே, இனி இடமில்லை என்று தோட்டத்தை மூடிவிட்டார்கள். அதற்குப் பின் செத்தவர்கள் எல்லோரும் டவுன் ரோட்டில் உள்ள புது இடத்துக்குப் போய்விட்டார்கள்.

நடையில் விளக்கு எரியாமல் பாத்ரூமுக்குக்கூடப் போகாத பிள்ளை. பதினோரு வருடமாகத் தனியாகக் காவல் நிற்கிறான்.

"ஈட்டிக்காரர் எங்க?" என்றாள் இமோஜனிடம்.

"அவரு மியூசியத்துக்குப் போயிட்டாரு. இது அவரோட காலடியில கிடந்த ஒரு குழந்தை. ஆறு வயசு இருக்கும். ஆணா பொண்ணான்னு சொல்ல முடியல." இமோஜன் பாதிரியாரைத் திரும்பிப் பார்த்தாள். "சார்கிட்ட சொல்லியிருந்தேனே."

எலும்பில் பெரிசென்ன சிறிசென்ன என்று பாதிரியார் மேவிஸிடம் சொல்லாமல் விட்டிருப்பார். அவர் ஏற்கெனவே ஜெபப் புத்தகத்தைப் பிரித்துவிட்டார்.

பெட்டி குழிக்குள் இறங்கியது. குழி அதற்கு ரொம்பப் பெரிதாக இருந்தது.

"மேவிஸ், அலைஞ்சது நீங்கதானே. முதல் மண்ணு நீங்க போடுங்க," என்றார் பாதிரியார்.

அவள் குனிந்து ஈர மண்ணை அள்ளினாள். கையைக் குழிக்கு மேல் நீட்டினாள். விரல்களை இறுக மூடிக்கொண்டாள்.

இதைப் போட்டால் கொலினுக்கு விடுதலை. ஆனால் இனிமேல் இந்தத் தோட்டத்துக்கு யாரும் வரப்போவதில்லை. காலம் உள்ளவரை அந்த ஆறு வயதுதான் வாசலில் நிற்க வேண்டும்.

இதையும் ஒருத்தி பெற்றிருப்பாள். அப்பன் காலடி என்றால் பயப்படாது என்று நம்பித்தானே அங்கே படுக்க வைத்திருப்பாள்?

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாதிரியார் முகத்தைச் சுளிப்பார், பெட்டி திரும்பிப்போகும், அவ்வளவுதான்.

அவளுடைய இடது பக்கம் இடுப்பு உயரத்துக்குச் சில்லென்று இருந்தது. அது காற்று இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"வேணாண்டா கண்ணா," என்றாள் மெதுவாக. "பாரு, அது உன்னைவிடச் சின்னது."

அவள் ஜெபிக்கிறாள் என்று நினைத்துப் பாதிரியார் தலையைக் குனிந்துகொண்டார்.

மேவிஸ் முடிவுக்கு வந்துவிட்டாள். கையை இழுத்துக்கொள்ளப் போனாள்.

அப்போது அவளுடைய சுண்டுவிரல் நிமிர்ந்தது.

அவள் நிமிர்த்தவில்லை.

அடுத்து மோதிர விரல். அதற்கடுத்து நடுவிரல். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூடப் பார்த்தாள். முடியவில்லை.

முன்பெல்லாம் டாஃபியைக் கைக்குள் ஒளித்துவைத்தால், கொலின் இப்படித்தான் பிரிப்பான். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

மண் பெட்டியின் மேல் விழுந்தது.

"ஆமென்," என்றார் பாதிரியார்.

இடுப்பருகே இருந்த குளிர் போய்விட்டது. ஒரு நொடிகூடத் தங்கவில்லை. பள்ளிக்கூட மணி அடித்ததும் ஓடுகிற பிள்ளை மாதிரி, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, நெஞ்சு அறுந்துபோன மாதிரியும் இருந்தது.

குழியை மூடினார்கள். எல்லோரும் குடைகளோடு டீ குடிக்கக் கிளம்பினார்கள். வில்ஃப் மட்டும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"வாம்மா மேவிஸ், நனையாத. இனிமே உனக்கு இங்க என்ன வேலை?"

அவள் ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க போங்க, வில்ஃப். புள்ள தனியா இருக்கு."