மாரிக்கனியின் முழம்

பூக்கடை அண்ணாச்சி, வேலைக்கு வரும் பெண்களின் கையை அளந்து பார்த்துத்தான் சேர்ப்பார். குட்டைக் கையால் முழம் போட்டால் ஒரு பந்துப் பூவில் இரண்டு முழம் அவருக்கு மிச்சம். மாரிக்கனியின் கையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இந்தக் கைய வச்சா நான் தெருவுக்குத்தான் வரணும். நியாயம் பாத்தா காசு சேருமா புள்ள?"

மாரிக்கனி எதிர்த்த வாசலில் கூடை போட்டாள். அதே விலைதான், ஆனால் அவளுடைய நெட்டைக் கை. நாலு மணிக்கெல்லாம் கூடை காலியாகிவிடும். ஐந்தாம் வருஷம் அண்ணாச்சி தன் கடையை அவளிடமே விற்க வந்தார்.

"சேந்திருச்சு அண்ணாச்சி" என்று ஒரு முழம் மல்லிகையை அளந்து அவரிடம் நீட்டினாள்.

பழக்கதோஷத்தில் அவர் அதைத் தன் கையில் வைத்து அளந்தார். அளந்து முடித்த பிறகும் பூ தொங்கிக்கொண்டிருந்தது.