சுற்றுவழி

"வியாழக்கிழமை அறுந்த கேபிள்! இன்னும் ஏன் ஒட்டலை?"

கன்ட்ரோல் ரூமே அதிர்ந்தது. மேலதிகாரிக்குக் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடி முதலில் மேஜைக்கு வந்துவிடும். இப்போது மேஜையில்தான் கிடந்தது.

எதிரே நின்றிருந்தாள் இளம் இன்ஜினியர் பெண்.

"சார், யாருமே கம்ப்ளெயின்ட் பண்ணலை. ஒரு பக்கம் அறுந்ததும் எல்லா போன் காலும் மறுபக்கமா சுத்திப் போயிடுச்சு. அதனால..."

"அதனால, காரியம்தான் நடக்குதேன்னு விட்டுட்டீங்க! அம்மா தாயே, நாலு ஊரை எதுக்கு வட்டமா கோத்து வச்சிருக்கோம்? ஒரு பக்கம் போனா அவசரத்துக்கு மறுபக்கம் தாங்கும். அதுக்குள்ள போய் அறுந்ததை ஒட்டணும். வலிக்கலைன்னா புண்ணு ஆறிடுச்சுன்னு அர்த்தமா?"



சுவரிலிருந்த பெரிய திரையில், மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் மட்டும் சிவப்பாக மினுங்கியது. சற்றுமுன் யாரோ சாக்கடைக்குக் குழி தோண்டுகிறேன் பேர்வழி என்று மறுபக்கத்துக் கேபிளையும் கொத்தி வைத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் போனதில் அந்த ஊருக்குப் போனும் இல்லை, நெட்டும் இல்லை.

"எந்த வெட்டு கிட்டவோ அதை முதல்ல ஒட்டச் சொல்லுங்க. ஒரு பக்கம் வந்தாலே ஊருக்கு உயிர் வந்துடும்."

"ஆளுங்க கிளம்பிட்டாங்க சார். முடிய சாயங்காலம் ஆயிடுமாம்."

"சாயங்காலமா?"

அவர் குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

அந்த ஊரில்தான் அவர் தங்கை இருக்கிறாள். இன்று காலை அவளுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். சர்க்கரை வேறு ஏகத்துக்கும் இருக்கிறது என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். "உள்ளே போறேண்ணே" என்று அவள் பேசியதுதான் கடைசி. மாப்பிள்ளையின் நம்பரும் கிடைக்கவில்லை.

மனைவி அவள் ஆபீஸிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்லை. லைனே இல்லை."

"உங்க அண்ணனைக் கேளுங்களேன். லைன் போறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை அவர்கிட்ட பேசியிருந்தாலும் பேசியிருப்பாரு."

"நீ கேட்டுச் சொல்லேன்."

"உங்க தங்கச்சி, உங்க அண்ணன். நடுவுல நான் எதுக்கு?" வைத்துவிட்டாள்.

அண்ணன் வேறெங்கோ இல்லை. அதே வீட்டு மாடியில்தான் தனியாளாக இருக்கிறார். கீழே தம்பியான இவருடைய குடும்பம். மாடிப்படிக்கு அடியில் யார் வண்டியை நிறுத்துவது என்று ஆறேழு வருடங்களுக்கு முன் மூண்ட சண்டை. வண்டிகள் இரண்டும் ஓடி ஓய்ந்து பழைய இரும்புக்குப் போய்விட்டன. சண்டைக்கு மட்டும் இன்னும் துரு ஏறவில்லை.

மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் தம்பி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கைக்குப் போன் பண்ணுவார். தங்கை அண்ணனுக்குப் பண்ணுவாள். அண்ணன் எழுந்து போய், மாடியிலிருக்கும் சுவிட்சை அணைத்து மோட்டாரை நிறுத்துவார். காரியம் நடந்துகொண்டிருந்ததால் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

அதிலும் அண்ணனுக்குத் தங்கமான மனசு. நேரில் முகம் கொடுக்க மாட்டாரே தவிர, தங்கையிடம் தம்பி வீட்டை விசாரிக்காத நாளில்லையாம். "உன் முதுகுவலி எப்படியிருக்குன்னு பெரியண்ணன் கேட்டாருண்ணே", "பாப்பா பரீட்சை நல்லா எழுதினாளான்னு கேட்டாரு" என்று தங்கை தவறாமல் சொல்லுவாள். இவர் "ம்" என்பதோடு சரி. பதிலுக்கு ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. ரோஷக்காரராம்!

இப்போது ரோஷம் பார்க்க நேரமில்லை. வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தார். கோபத்தில் 'அண்ணன்' என்ற பெயரை அழித்து 'மாடி வீடு' என்று மாற்றியிருந்தார். நல்லவேளை, நம்பரை விட்டுவைத்திருந்தார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் அண்ணன்.

"நான்தாண்ணே..."

"முடிஞ்சுதுடா! நல்லபடியா முடிஞ்சுது! மாப்பிள்ளை பேசினாரு. கண்ணு முழிச்சு, தண்ணி கேட்டாளாம். அடுத்த நிமிஷம் லைன் போயிடுச்சு. நீ தவிச்சுக்கிட்டிருப்பியேன்னு, உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம படிக்கட்டுலயே உட்கார்ந்திருக்கேன்."

மேலதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான்தாண்ணே கல்நெஞ்சுக்காரன். ஒரு நாள்கூட உங்களை எப்படியிருக்கீங்கன்னு கேட்டதில்லை. நீங்க எல்லாத்தையும் விசாரிச்சீங்க. போன வாரம் பாப்பா ஜுரத்துல கிடந்தப்போ, காலையும் மாலையும் கேட்டீங்களாமே. தங்கச்சி சொன்னா."

மறுமுனையில் சத்தமே இல்லை. இந்த லைனும் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தார். இல்லை, இருந்தது.

"நானா?" அண்ணனின் குரல் தடுமாறியது. "மோட்டார் விஷயத்தைத் தவிர உன் பேச்சை எடுத்தா போனை வச்சிடுவேன்னு அவகிட்ட அப்பவே சொல்லிட்டேனேடா... பாப்பாவுக்கு ஜுரமா? இப்ப எப்படியிருக்கா?"