கோயம்புத்தூர் டாக்டர் வண்டி

பின்சீட்டு பெல்ட்டைப் பகலவன் கடைசிவரை இழுத்தான்.

மேலே நல்ல கறுப்பு. எப்போதும் உள்ளேயே சுருண்டு கிடக்கும் கடைசி ஒரு முழம் மட்டும் மண் நிறம்.

விரலால் தேய்த்தான். பொடியாக உதிர்ந்தது. மூக்குப் பக்கம் கொண்டுபோனான்.

அந்த வாடையை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். போன கார்த்திகையில் ஒன்பது நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகிய அவனுடைய சம்பாவும் இப்படித்தான் நாறியது.

இது வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த கார்.

நன்றாகக் கழுவி, பாலிஷ் போட்டு, உள்ளே எலுமிச்சை வாசனை டப்பா ஒன்றை ஒட்டி, வல்லம் ரோட்டிலிருக்கும் இந்தப் பழைய கார் கடையில் நிறுத்தியிருக்கிறார்கள்.

“கோயம்புத்தூர் டாக்டர் வண்டிண்ணே. வீட்டை விட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியை விட்டா வீடு. லிட்டருக்கு இருபது குடுக்கும்” என்றார் கடை நடத்தும் பிரபு. மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். இவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவன் மனைவி மதிவதனி முன்சீட்டில் உட்கார்ந்தாகிவிட்டது. காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை அவள். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் மாதம்.

இதற்கு முன்னால் இரண்டு. இரண்டும் இந்த மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. முதலாவது, அம்மாப்பேட்டை பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போன வாரத்தில். அடுத்தது, பஸ் வேண்டாமென்று அவனே பைக்கில் கொண்டுபோய் விட்ட வாரத்தில்.

“பஸ்ஸும் வேண்டாம், பைக்கும் வேண்டாம். இதையாவது காப்பாத்திக்கோங்கம்மா” என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அதற்காக வேலையை விட முடியுமா? தஞ்சாவூரில் ஒரு லேபில் ஒப்பந்த வேலை. பத்து நாள் லீவு கொடுத்ததே பெரிது. திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவள் போய் நிற்காவிட்டால், ஒன்பது மணிக்கு அவள் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருப்பாள். சம்பா அழுகிப்போன இந்த வருஷத்தில் வீட்டில் உலை கொதிப்பதே அந்தச் சம்பளத்தில்தான்.

போக முப்பத்தோரு கிலோமீட்டர். வர முப்பத்தொன்று.

இன்று சனிக்கிழமை.

காலையிலிருந்து நாலு கடை ஏறி இறங்கியிருந்தான் பகலவன். மூன்றாவது கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இந்தக் காசுக்கு நாலு டயர் வரும் தம்பி. நடுவுல கார் வராது.”

பிறகுதான் மதிவதனி இந்தக் கடையைச் சொன்னாள். கூட வேலை பார்க்கும் ஃபிளோரா சொன்ன இடமாம். இன்றைக்கு மட்டும் என்று வாடகைக் கார் பிடித்து அவளும் கிளம்பி வந்தாள்.

அவளிடம் சொல்லிவிட்டால் என்ன ஆகும்?

மெதுவாக இறங்கி, கதவை வலிக்காமல் சாத்திவிட்டு நடப்பாள். திங்கட்கிழமை ஆறே கால் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

சொல்லாவிட்டால்? உள்ளே ஏதோ ஒரு ஒயர் துருவேறி, ஒருநாள் நடு ரோட்டில் வண்டி நிற்கும். நிற்கட்டும். இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறான்.

ஆனால் அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் தினமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பயந்தபடியே வருவாள். பயமும் ஒரு குலுக்கல்தானே, சொல்லுங்கள்.

பெல்ட்டை விட்டான். சர்ரென்று உள்ளே ஓடிப்போனது.

“எப்படிங்க இருக்கு?” கண்ணைத் திறக்காமலே கேட்டாள் மதிவதனி.

“டாக்டர் வண்டியில்ல? நம்மளவிட ஆரோக்கியமா இருக்கு.”

அவள் சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்றோ, பாவம்.

கடை அறைக்குள் பிரபு காகிதங்களை நீட்டினார். பகலவன் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டான். மூன்றாவது தாளில் பிரபு சட்டென்று கையை வைத்தார்.

“மன்னிச்சுக்கங்கண்ணே. என் மனசு கேக்கல. அது தண்ணியில முழுகுன வண்டி.”

“தெரியும்” என்றான் பகலவன். “கையை எடுங்க.”

பிரபுவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“அப்பாடா. அக்கா சொல்லிட்டாங்களா?”

பேனா நின்றுவிட்டது.

“நாலு நாள் முந்தியே போன் பண்ணினாங்கண்ணே. உள்ளதைச் சொல்லிட்டேன். எங்க காசுக்கு அதான் வரும், எடுத்து வைங்கன்னாங்க. உங்களுக்கு மட்டும் தெரியக் கூடாதாம். தெரிஞ்சா தினமும் பயந்து பயந்து ஓட்டுவீங்களாம். கோயம்புத்தூர் டாக்டர்னு சொல்லச் சொன்னதே அவங்கதாண்ணே.”

கண்ணாடி வழியே காரைப் பார்த்தான் பகலவன். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் மதிவதனி கண்ணைத் திறந்திருந்தாள். சிரிப்பு இல்லை. கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். கார் இன்னும் கிளம்பவே இல்லை.

கடைசிக் கையெழுத்தையும் போட்டான்.

“நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்லல, எனக்கும் ஒண்ணும் தெரியாது. சரியா?”

பிரபு தலையாட்டினார்.

வெளியே வந்து ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தான். அவள் கை கைப்பிடியிலிருந்து மடிக்கு வந்திருந்தது.

“எல்லாம் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

சாவியைத் திருப்பினான். இன்ஜின் இருமியது. இன்னொரு தடவை திருப்பினான்.

அது பிடிக்கிறவரை இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். பிடித்ததும், ஒருவருக்கொருவர் கேட்டுவிடாதபடி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள்.