அதிராத பட்டை

வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் இடையே ஓரவஞ்சனை நடந்தால் அதிரும் கைப்பட்டையைப் பள்ளியில் மாணவிகளுக்குக் கட்டிவிட்டு மூன்று மாதமாகிறது. ஜெனிட்டாவின் பட்டை ஒருநாளும் அதிரவில்லை. அண்ணன் ரூபன் பாத்திரம் கழுவினான். மீன்குழம்பில் நடுத்துண்டு அவளுக்கும் விழுந்தது. முன்பெல்லாம் இப்படி இல்லை. அதுதான் அவளுக்குச் சந்தேகம்.

ஞாயிறு மதியம் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். அம்மா அவளுடைய வெறும் மணிக்கட்டைக் கவனித்தாள். நடுத்துண்டுகள் அப்பாவுக்கும் ரூபனுக்கும் போயின. இவளுக்கு வால்.

“பட்டை இல்லன்னா எனக்கு வால்தானாம்மா?”

“அது அதிர்ந்தா பள்ளிக்கூடத்துல இருந்து வந்து கேப்பாவ. அந்தப் பயந்தான்,” என்றாள் அம்மா. மறைக்கவில்லை.

அப்போதுதான் ஜெனிட்டா அம்மாவின் தட்டைப் பார்த்தாள். வெறும் குழம்பு. இத்தனை நாளும் அப்படித்தான் இருந்திருக்கும். பட்டை அதைக் கண்டுகொள்ளவில்லை. அவளும்தான்.

“ஒனக்குத் துண்டு எங்கம்மா?”

“எனக்கு என்னத்துக்கு? நீ சாப்பிடு.”

அவள் சாப்பிடவில்லை. “நீங்க சொல்லுங்கப்பா. அம்மாவுக்கு ஏன் இல்ல?”

வாயருகே கொண்டுபோன மீனை அப்பா தட்டிலேயே வைத்தார். அம்மா மகளை அதட்டவில்லை. பதிலுக்காக அவளும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.