வாலாட்டிய காவல் நாய்

ஒரு வீடியோ கேமுக்குள் கிரேக்கப் புராணத்துப் பாதாள உலகம் இருந்தது. அதன் வாசலில் மூன்று தலை நாய் ஒன்று காவல் இருந்தது. விளையாட வரும் வீரர்களைக் கண்டதும் மூன்று தலைகளும் சேர்ந்து குரைக்கும். உடனே அவர்கள் வாளை உருவுவார்கள். நாய் வெட்டுப்பட்டு விழும். அடுத்த ஆட்டத்தில் வலியோடு எழுந்து நிற்கும்.

“வந்ததும் வராததுமா ஏன் குரைக்கிறே?” என்று பக்கத்து ஆற்றில் மிதந்த படகு ஒருநாள் கேட்டது.

“வாளோட வர்றாங்களே!” என்றது இடது தலை.

“அது இடுப்புலதானே இருக்கு? நீ குரைச்ச பிறகுதான் கைக்கு வருது.”

“இந்தத் தடவை சும்மா நிப்போமா?” என்றது நடுத்தலை.

“பைத்தியமா உனக்கு? கழுத்து போயிடும்!” என்றது இடது தலை.

“குரைச்சாலும் போகத்தானே செய்யுது” என்றது வலது தலை.

அடுத்து ஒரு வீராங்கனை வந்தாள். மூன்று தலைகளும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றன. வால் மட்டும் மெல்ல ஆடியது.

அவள் வாலையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு வாளை உருவினாள். இடது தலை கண்ணை மூடிக்கொண்டது.

அவள் வாளைச் சுழற்றி ஆற்றில் வீசினாள்.

நாய் யோசிக்கவே இல்லை. தண்ணீரில் பாய்ந்தது. மூன்று வாய்களும் முட்டிமோதி வாளைக் கவ்வி வந்து அவள் காலடியில் போட்டன. அவள் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு தலையாகத் தடவிக்கொடுத்தாள்.

“இன்னும் தூரமா எறியச் சொல்லுங்கடா!” என்று கத்தியது இடது தலை.